கழுதையைப் பிழைக்க வைத்த துருத்தி

கால் முறிந்த சிறுத்தை கூண்டுக்குள் உறுமுகிறது. அதற்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். யார் அருகே போவது?

டாக்டர் ஒரு நீண்ட குழலை வாயில் வைத்து ஊதுகிறார். உள்ளே இருந்த மயக்க ஊசி பாய்ந்து சிறுத்தையின் தொடையில் தைக்கிறது. சற்று நேரத்தில் சிறுத்தை சாய்கிறது.

இந்த ஊதுகுழல், காட்டு வேடர்களின் பழைய ஆயுதம். அவர்களுடைய அம்பு விஷத்தைத் தேடிச் சென்ற ஆங்கிலச் சீமான் ஒருவர் உண்டு. அவர் பெயர் சார்லஸ் வாட்டர்டன்.

காட்டுப் பயணம்

வாட்டர்டன் 1782-ம் ஆண்டு இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் பிறந்தார். 1804-ல் குடும்பத் தோட்டங்களைக் கவனிக்கத் தென் அமெரிக்காவில் உள்ள கயானாவுக்குப் போனார்.

1812-ல் காட்டுக்குள் புறப்பட்டார். காலில் செருப்பு இல்லை. வழியில் காய்ச்சல் வாட்டியது. ஆனாலும் அவர் திரும்பவில்லை.

அங்கே மக்கூசி மக்கள் ஒருவகைக் கொடியைக் காய்ச்சி 'வுராலி' என்ற விஷம் செய்தார்கள். 'குராரே' என்றும் அதற்குப் பெயர். அது உடம்பில் ஏறினால் மிருகம் கை கால் ஓய்ந்து, மூச்சு நின்று சாகும். அந்த விஷத்தை வாங்கிக்கொண்டு வாட்டர்டன் ஊர் திரும்பினார்.

மூன்று கழுதைகள்

1814-ல் லண்டனில் மூன்று கழுதைகளை வைத்து ஆராய்ச்சி நடந்தது.

முதல் கழுதைக்குத் தோளில் விஷம் ஏற்றினார்கள். அது இறந்தது.

இரண்டாவதன் காலை இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழே ஏற்றினார்கள். அது ஒரு மணி நேரம் நடமாடியது. கட்டை அவிழ்த்ததும் விழுந்து இறந்தது.

மூன்றாவது பெண் கழுதை. அதுவும் செத்தது போல விழுந்தது. உடனே அதன் மூச்சுக் குழாயைக் கீறி, துருத்தியால் காற்றை ஊதினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கழுதை தலையைத் தூக்கியது! ஊதுவதை நிறுத்தினார்கள்; மறுபடி சாய்ந்தது. மீண்டும் ஊதினார்கள். விஷத்தின் வேகம் தணிந்தது. கழுதை பிழைத்தது.

அதற்கு 'வுராலியா' என்று பெயர் வைத்தார்கள். வாட்டர்டனின் வால்டன் ஹால் மாளிகைத் தோட்டத்தில் அது வேலை எதுவும் இல்லாமல் மேய்ந்து, 1839 வரை வாழ்ந்தது. அந்தத் தோட்டத்தைச் சுற்றி சுமார் 3 மைல் நீள மதில் கட்டி, பறவைகளை யாரும் சுடாமல் காத்தவர் வாட்டர்டன். 1865-ல் 82-ம் வயதில் அவர் காலமானார்.

வலி தெரிந்ததா?

வுராலி விஷத்தால் மிருகம் வலியின்றிச் சாகிறது என்று வாட்டர்டன் நம்பினார். அது தவறு. 1850-களில் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் உண்மையைக் காட்டினார். இந்த விஷம் தசைகளைத்தான் கட்டிப் போடும். உணர்ச்சியை மழுங்கச் செய்யாது. வுராலியாவின் கழுத்தில் கத்தி பட்டபோது அதற்கு வலித்திருக்கலாம். கத்தத்தான் முடியவில்லை.

அசையாமல் கிடப்பது வேறு; வலி இல்லாமல் கிடப்பது வேறு.

ஆகவே இன்று சிறுத்தைக்கு உணர்விழக்கச் செய்யும் மருந்தைத் தருகிறார்கள். பெரிய ஆபரேஷன் என்றால் மூச்சுக் குழாயில் குழாய் செருகி, மயக்க வாயுவும் பிராண வாயுவும் செலுத்துகிறார்கள். வலியைத் தணிக்கத் தனி மருந்தும் உண்டு. மயக்கத்திலும் கண் திறந்தே இருக்கும் என்பதால், களிம்பு போட்டுத் துணியால் மூடுகிறார்கள்.

மூச்சு தடுமாறினால் டாக்டர் ஒரு ரப்பர் பையைப் பிடித்து மெல்ல அமுக்குகிறார். சிறுத்தையின் மார்பு உயர்ந்து தாழ்கிறது. அன்று வுராலியாவைப் பிழைக்க வைத்த துருத்தியின் வேலையைத்தான் அந்தப் பை செய்கிறது.