ஆட்டம் முடிந்த பின்னும் ஓயாத குரல்: பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் வாழ்க்கை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ஆம் தேதி அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களில் வீரர்கள் அனைவரும் 42 என்ற ஒரே எண் பொறித்த சட்டையுடன் விளையாடுகின்றனர். அந்த எண்ணுக்கு உரியவர் ஜாக்கி ராபின்சன். சுமார் 60 ஆண்டுகளாகக் கருப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்த அந்த லீகில் 1947-ஆம் ஆண்டு இதே தேதியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியவர் அவர்.

ஜார்ஜியா மாகாணத்தின் கெய்ரோ நகரில் 1919 ஜனவரி 31-ஆம் தேதி ஐந்து குழந்தைகளில் இளையவராகப் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் செல்லவே, தாய் மேலி பிள்ளைகளுடன் கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குக் குடிபெயர்ந்து, வீட்டு வேலைகள் செய்து அவர்களை வளர்த்தார். அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்தபடியாக வந்து வெள்ளிப் பதக்கம் வென்றவர்.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் பணியாற்றிய ராபின்சன், 1944-இல் பேருந்தின் பின்பகுதிக்குச் செல்ல மறுத்ததைத் தொடர்ந்து ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்தித்து விடுதலையானார். இத்தகைய இயல்பு கொண்டவரிடம், எத்தனை அவமதிப்பு நேர்ந்தாலும் தொடக்கத்தில் எதிர்வினையாற்றக் கூடாது என்று டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி கேட்டுக்கொண்டார். ராபின்சன் அதற்கு இசைந்தார். எதிரணியினரின் வசைகளையும் கொலை மிரட்டல்களையும் பொறுத்துக்கொண்டு, 1947-இன் சிறந்த அறிமுக வீரர் விருதை வென்றார்.

1949-இல் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட அவர், அதே ஆண்டில் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்குப் பாய்ந்தோடும் உத்தியில் அந்த ஆண்டு 37 முறை வெற்றி கண்டார். 1955-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் தனது ஒரே உலகத் தொடர் பட்டத்தை வென்றபோது அவரும் அணியில் இருந்தார்.

1956 இறுதியில் அவரை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்ற டாட்ஜர்ஸ் நிர்வாகம் முடிவு செய்தது. ஆனால், அதற்குள் ஓய்வு பெறத் தீர்மானித்திருந்த ராபின்சன், நியூயார்க்கில் ஏராளமான கருப்பினத் தொழிலாளர்கள் பணிபுரிந்த காபி நிறுவனம் ஒன்றின் பணியாளர் நலத்துறைத் துணைத் தலைவரானார். கருப்பினத்தவர் உரிமைக்கான தேசிய அமைப்புக்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1962-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

வங்கிகளில் கடன் மறுக்கப்பட்ட கருப்பின மக்களுக்காக, ஹார்லெமில் ஃப்ரீடம் நேஷனல் வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவராகி அதன் தலைவராகவும் விளங்கினார். அவரது அரசியல் நிலைப்பாடுகள் விமர்சனத்துக்கும் உள்ளாயின. 1960 அதிபர் தேர்தலில் ரிச்சர்ட் நிக்சனை ஆதரித்த அவர், 1968-இல் அவருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்.

குடும்பத்திலும் துயரம் சூழ்ந்தது. வியட்நாம் போரில் காயமுற்று, போதைப் பழக்கத்துக்கு ஆளாகி, அதிலிருந்து மீண்ட மூத்த மகன் 1971-இல் கார் விபத்தில் உயிரிழந்தார். நீரிழிவு நோய் ராபின்சனின் பார்வையைப் படிப்படியாகப் பறித்தது.

எனினும், தன்னை உயர்த்திய விளையாட்டின் குறையைச் சுட்டிக்காட்ட அவர் தயங்கவில்லை. கருப்பினத்தவரை மைதானத்தில் அனுமதித்தவர்கள் நிர்வாகப் பொறுப்புகளைத் தர மறுப்பதைக் கண்டித்து, 1969-இல் யாங்கீ மைதானத்தில் நடந்த முன்னாள் வீரர்கள் ஆட்டத்துக்கான அழைப்பை நிராகரித்தார். 1972 அக்டோபர் 15-ஆம் தேதி சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் ஆட்டத்தின்போது, அவரது அறிமுகத்தின் 25-ஆம் ஆண்டையொட்டி அவர் கௌரவிக்கப்பட்டார். அப்போது 24 அணிகளில் ஒன்றில்கூட கருப்பின மேலாளர் இல்லை. பாராட்டை ஏற்ற அதே மேடையில், அந்த நிலை மாற வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

ஒன்பது நாள்களுக்குப் பிறகு, அக்டோபர் 24-ஆம் தேதி, கனெக்டிகட் மாகாணத்தின் ஸ்டாம்ஃபோர்டில் உள்ள தனது இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

அவர் காண விரும்பிய மாற்றம் 1975-இல் நிகழ்ந்தது. கிளீவ்லாந்து அணியின் பொறுப்பை ஏற்ற ஃபிராங்க் ராபின்சன், மேஜர் லீகின் முதல் கருப்பின மேலாளரானார். குடும்பப் பெயர் ஒன்றே தவிர, இருவரும் உறவினர்கள் அல்லர். 1997-இல் 42-ஆம் எண் அனைத்து அணிகளிலும் நிரந்தர ஓய்வு பெற்றது. ஏப்ரல் 15 அன்று மட்டும் அது மீண்டும் மைதானங்களில் வலம் வருகிறது.