அலன் டூரிங்

அலன் மாத்திசன் டூரிங் (ஜூன் 23, 1912 – ஜூன் 7, 1954) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். கோட்பாட்டுக் கணினியியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியக் கடற்படையின் எனிக்மா மறைகுறியீட்டை உடைப்பதில் முதன்மைப் பங்காற்றினார். ஏராளமான வாய்ப்புகளுள் எவற்றை முதலில் சோதிப்பது என்பதைச் சான்றுகளின் எடையைக் கொண்டு தீர்மானிக்கும் முறையொன்றை அப்பணியின்போது உருவாக்கினார்.

பிறப்பும் கல்வியும்

டூரிங் லண்டனில் மைடா வேல் பகுதியில் பிறந்தார். தந்தை ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் இந்தியக் குடிமைப் பணி அதிகாரியாக இருந்தார். தாய் எத்தெல் சாரா கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவில் வாழ்ந்தமையால் டூரிங்கும் அவருடைய அண்ணனும் இங்கிலாந்தில் பிறர் பராமரிப்பில் வளர்ந்தனர். செர்போர்ன் பள்ளியில் பயின்ற பின் 1931 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1936 இல் எழுதிய கட்டுரையில் கணிப்பின் எல்லையை ஆராயக் கற்பனை இயந்திரம் ஒன்றை விவரித்தார். அது பின்னர் டூரிங் இயந்திரம் எனப் பெயர் பெற்றது. 1938 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

எனிக்மாவும் சோதனை வரிசையும்

செப்டம்பர் 4, 1939 அன்று டூரிங் பிளெட்ச்லி பூங்காவில் இயங்கிய மறைகுறியீட்டு மையத்தில் பணியேற்றார். போலந்துக் கணிதவியலாளர்களின் முந்தைய பணியை அடிப்படையாகக் கொண்டு பாம்ப் என்னும் மின்பொறி இயந்திரத்தை வடிவமைத்தார். இதன் முதற்பொறி 1940 மார்ச்சில் நிறுவப்பட்டது. செய்தியில் இருக்கக்கூடிய சொற்றொடர் ஒன்றை ஊகித்துக் கொடுத்தால், அந்த ஊகத்துக்கு முரண்படும் எனிக்மா அமைப்புகளை இவ்வியந்திரம் விலக்கும்.

கடற்படை எனிக்மாவில் எட்டுச் சுழல் சக்கரங்களிலிருந்து மூன்றைத் தெரிந்து பொருத்தினர். எனவே 8×7×6 = 336 சக்கர வரிசைகள் இயலும். ஒவ்வொரு வரிசைக்கும் 17,576 தொடக்க நிலைகள் உண்டு. ஒரு வரிசையை இயந்திரத்தில் பொருத்திச் சோதிக்க ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆயின. அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தால் 112 மணி நேரம் வேண்டும். ஜெர்மானியர் சக்கர வரிசையை இரு நாட்களுக்கு ஒருமுறை மாற்றினர். இயந்திரங்கள் சிலவே இருந்தன; தரைப்படை, வான்படைச் செய்திகளுக்கும் அவையே தேவைப்பட்டன. அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டுவந்த நிலையில், காலம் கடந்து கிடைக்கும் விடையின் பயன் குறைவு.

இச்சிக்கலுக்குத் தீர்வாக டூரிங் பான்பரிஸ்மஸ் என்னும் முறையை உருவாக்கினார். பான்பரி நகரில் அச்சிடப்பட்ட நீண்ட தாள்களில் மறைகுறியீட்டுச் செய்திகளைத் துளைகளாகக் குறித்து, இரு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி, ஒன்றுபடும் துளைகளை எண்ணினர். தொடர்பற்ற எழுத்துகள் 26 இல் ஒரு முறை ஒன்றுபடும். சரியாகப் பொருந்திய ஜெர்மன் செய்திகளில் இது ஏறத்தாழ 17 இல் ஒன்றாகும். இவ்வேறுபாடு தரும் சான்றின் எடையை மடக்கை முறையில் அளக்க பான், டெசிபான் ஆகிய அலகுகளை டூரிங் வகுத்தார். எடைகளைக் கூட்டிக்கொண்டே சென்று, போதிய அளவை எட்டியதும் முடிவெடுக்கலாம்.

இதன்மூலம் வலப்புறச் சக்கரம் எதுவெனத் தெரிந்தால் 336 வரிசைகள் 42 ஆகக் குறையும். நடுச் சக்கரமும் தெரிந்தால் 6 மட்டுமே எஞ்சும். முதல் ஐந்து சக்கரங்கள் அடுத்த சக்கரத்தைத் திருப்பும் இடங்கள் வெவ்வேறாக இருந்ததே இதற்கு வழி செய்தது. ஏனைய மூன்றுக்கும் அவ்விடங்கள் ஒன்றே என்பதால் அவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றை இம்முறையால் பிரித்தறிய இயலவில்லை. 1943 இல் விரைவான இயந்திரங்கள் போதிய அளவில் கிடைத்தபின் பான்பரிஸ்மஸ் கைவிடப்பட்டது. இதே காலத்தில் அமெரிக்காவில் ஆபிரகாம் வால்டு ஒத்த கருத்துடைய தொடர்முறைப் பகுப்பாய்வைத் தனியாக உருவாக்கினார்.

நிரல்களைச் சரிபார்த்தல்

போருக்குப் பின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏஸ் கணினியை வடிவமைத்த டூரிங், 1948 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில், பெரிய நிரல் சரியானதா என்பதைச் சோதிக்கும் வழியை விளக்கினார். ஒரு கூட்டல் கணக்கில் விடை மட்டும் இருந்தால் சரிபார்ப்பவர் கணக்கு முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் மீதி எண்ணும் குறிக்கப்பட்டிருந்தால் நிரைகளைத் தனித்தனியே சரிபார்க்கலாம். அதுபோல நிரலின் இடையிடையே உறுதிக் கூற்றுகளை எழுதிவைத்தால் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்கலாம் என்றார். நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்த இக்கட்டுரை 1984 இல் மீண்டும் ஆராயப்பட்டது.

இக்காலத்தில் பெரிய மென்பொருள்களில் ஒரு மாற்றம் செய்தவுடன் ஆயிரக்கணக்கான சோதனைகளை இயக்க நேர்கிறது. பிழையைக் காட்டும் வாய்ப்பு மிகுந்தவையும் குறைந்த நேரம் எடுப்பவையும் முதலில் இயக்கப்படுகின்றன. எல்லாச் சோதனைகளும் இயக்கப்படுமாயின் வரிசை இறுதி முடிவை மாற்றாது. பிழை எப்போது தெரியவரும் என்பதையே மாற்றும். இதற்குச் சோதனைகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். இம்முறைகள் டூரிங்கின் பணியிலிருந்து நேரடியாகத் தோன்றியவை அல்ல. எனினும் இரண்டும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே.

இறுதிக் காலம்

1951 இல் டூரிங் அரச கழகத்தின் உறுப்பினரானார். தற்பால் உறவு அக்காலத்தில் குற்றமாக இருந்தமையால் 1952 இல் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்தேற்றலை ஏற்றார். அரசின் மறைகுறியீட்டுப் பணிக்கான அனுமதியையும் இழந்தார். ஜூன் 7, 1954 அன்று வில்ம்ஸ்லோவில் உள்ள தம் இல்லத்தில் சயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை என விசாரணை முடிவு செய்தது.

கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது 1966 முதல் வழங்கப்படுகிறது. 2009 இல் பிரித்தானியப் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. சான்றின் எடையைப் பற்றி டூரிங் போர்க்காலத்தில் எழுதிய இரகசியக் கட்டுரைகள் 2012 இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டன.