வேர்முடிச்சு சொன்ன விடை

பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழித்து வளரும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதன் காரணமோ மண்ணுக்குள் மறைந்து கிடந்தது. அதனை வெளிக்கொணர்ந்தோருள் ஒருவர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க்.

1851 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்த இவர், வாகனிங்கன் வேளாண் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அங்குப் புகையிலைச் செடியைத் தாக்கும் நோய்க்குரிய கிருமியைத் தேடித் தோல்வியுற்றார். நுண்ணுயிரியலில் தமக்குப் போதிய பயிற்சியின்மையை உணர்ந்தார். 1885 இல் டெல்ஃப்ட் நகர ஈஸ்ட் ஆலையில் பணியேற்று, அத்துறையில் தேர்ச்சி பெற்றார்.

பயறுவகைச் செடிகள் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை 1886 இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் அறிவித்தார். அம்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவை 1888 இல் பெய்ஜெரிங்க் தனியே பிரித்தெடுத்து வளர்த்தார். செடி அதற்குச் சர்க்கரையை அளிக்கிறது. அது செடிக்கு நைட்ரஜன் சத்தை ஈகிறது. இக்கொடுக்கல் வாங்கலே நிலத்தை வளமாக்குகிறது.

முன்பு தம்மைத் தோற்கடித்த புகையிலை நோயையும் அவர் மறக்கவில்லை. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் வைரஸே அதற்குக் காரணம் என 1898 இல் நிறுவினார். பின்னர், நைட்ரஜன் சேர்க்காத வளர்ப்புக் கரைசலில் சிறிது மண்ணை இட்டார். காற்றிலிருந்து நைட்ரஜனை ஈர்க்கவல்ல உயிரி மட்டுமே அதில் பெருகியது. செடியின் துணையின்றி வாழும் அந்த அசட்டோபாக்டரை 1901 இல் உலகிற்கு அறிவித்தார்.

1931 இல் பெய்ஜெரிங்க் மறைந்தார். இன்று தமிழக உழவர் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து உளுந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கின்றனர். அவர் அன்று வேர்முடிச்சிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவின் இனமே அது.