அண்ணல் அம்பேத்கர் எழுதிய தேர்வுகள்

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, பங்குனியில் உளுந்து பறிக்கும் வேலை தொடங்கும் நாட்களிலேதான் நம் குடவாசல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அரசுப் பொதுத் தேர்வும் வந்து சேருகின்றது. ஒருபுறம் கூலி வேலை கையைப் பிடித்து இழுக்கும். மறுபுறம் தேர்வு நெஞ்சை அழுத்தும். வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ எட்டிய பிள்ளைக்கு இந்த அச்சம் இரட்டிப்பாகும். பெற்றோரின் உழைப்பு, தம்பி தங்கையரின் படிப்பு, தெருவாரின் நம்பிக்கை ஆகிய அனைத்தும் தன் விடைத்தாளின்மேல் ஏறி அமர்ந்திருப்பதாக அப்பிள்ளை எண்ணி நடுங்குகின்றது.

அரசியலமைப்புச் சட்டத்தின் தலைமைச் சிற்பியாக அண்ணல் அம்பேத்கரை நாம் அனைவரும் அறிவோம். நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவரை ஒரு மாணவராக, தேர்வுக்குப் படித்தவராக, தேர்வில் தடுக்கி நின்று மீண்டும் எழுந்தவராகக் காண்பது இளைஞர்க்குப் பெரிதும் பயன்படும்.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைவீரர் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். தாயார் பீமாபாய், மகன் சிறு பிள்ளையாக இருந்தபோதே மறைந்தார். சாத்தாராப் பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணித் துண்டின்மேல் தனியே அமர்ந்துதான் அவர் எழுத்துக் கற்றார். தாகம் எடுத்தால் பள்ளி ஏவலர் வந்து நீர் ஊற்ற வேண்டும். அவர் வாராத நாளில் நீரும் இல்லை.

அவர் பிறவியிலேயே படிப்பில் ஊன்றியவர் அல்லர் என்பதை இளைஞர்கள் அறிதல் நன்று. பள்ளிப் பருவத்தில் படிப்பை விட்டுவிட்டுப் பம்பாய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட எண்ணினார். வழிச் செலவுக்காக அத்தையின் பணப்பையைக் களவாக எடுத்துப் பார்த்தபோது அதில் அரையணாவே இருந்தது. அந்த வெட்கமே அவரைத் திருப்பியது. நன்றாகப் படித்து விரைவில் தேர்வுகளில் தேறித் தன் காலில் நிற்பதென்று அன்று முடிவு செய்தார்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த கட்டடம் ஒன்றில் ஒரே ஓர் அறை. சமையலும் புகையும் தட்டுமுட்டுப் பொருள்களும் உறக்கமும் அந்த ஓர் அறைக்குள்தான். அங்கே தந்தையும் மகனும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். மகன் முன்னிரவிலேயே உறங்குவார், தந்தை விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவர் கிடந்த இடத்தில் தந்தை படுப்பார். ஊரடங்கிய அந்நேரத்தில், கண்ணாடிச் சிமினி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் மகன் படிப்பார். மகன் கேட்ட நூல்களை வாங்குவதற்காக, மணமாகிச் சென்ற மகள்களிடம் கைம்மாற்று வாங்கியும், அவர்தம் நகையை அடகு வைத்தும், ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார் அத்தந்தையார்.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அண்ணல் உறக்கத்தைத் துறந்துவிட்டுப் படிக்கவில்லை. உறக்கத்தை முன்னிரவுக்கு மாற்றிக்கொண்டார். இடம் இல்லாத வீட்டில், அமைதியான நேரத்தையே தம் இடமாக ஆக்கிக்கொண்டார். தேர்வுக்கு முந்தைய இரவு முழுதும் கண்விழித்துப் படித்துவிட்டு, மறுநாள் கண்ணெரிச்சலோடு தேர்வுக்கூடம் செல்லும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்யுமாறு அழைத்தார். உடனே வகுப்பில் பெருங்கூச்சல் எழுந்தது. கரும்பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்கள் தங்கள் உணவுப் பெட்டிகளை வைத்திருந்தனர். அவர் அருகில் சென்றால் உணவு தீட்டுப்பட்டுவிடும் என்று ஓடிச்சென்று பெட்டிகளை அகற்றினர். அதன் பின்னரே அவர் பலகையைத் தொட முடிந்தது. கணக்கு வருமா வாராதா என்னும் அச்சம் எல்லா மாணவர்க்கும் பொது. எழுந்து நின்றாலே அவமதிப்பு வரும் என்னும் சுமையையும் சேர்த்து அவர் சுமந்தார். வடமொழி கற்க விரும்பியபோது கற்பிக்க மறுத்தனர். ஆகவே பாரசீகத்தைப் பாடமாகக் கொண்டார். பிற்காலத்தில் வடமொழியைத் தம் முயற்சியாலேயே கற்றார்.

1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அவர் பிறந்த சமூகத்தில் அந்நாளில் அது அரிய செயல். அதனைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில், ஆசிரியரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலூஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்று, கல்லூரிப் படிப்புக்குத் திங்கள்தோறும் ரூ.25 உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் அவரே. 1912இல் அண்ணல் பி.ஏ. தேர்வை எழுதித் தேறினார். 1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அதே ஆண்டில் பரோடா மன்னரின் உதவியோடு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று, 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

1916இல் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. அவர் தனியே அனுப்பிய நூல்களும் பெட்டிகளும் ஏற்றப்பட்ட கப்பல், முதல் உலகப் போரின் தாக்குதலில் கடலில் மூழ்கியது. ஆயினும் அவர் மனம் சோரவில்லை. பம்பாய்க் கல்லூரி ஒன்றில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற ரூ.5,000 கடனும் கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியும் துணைநிற்க, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அரை வயிற்று உணவோடு நூலகமே வீடாக உழைத்து, 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார்.

இனி வருவதே நம் பிள்ளைகள் முதன்மையாக அறிய வேண்டிய நிகழ்ச்சி. 1922 அக்டோபரில், இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்திற்காக அளித்தார். 1923 மார்ச்சில் தேர்வாளர்கள் அதை அவ்வாறே ஏற்க மறுத்து, திருத்தி எழுதித் தருமாறு கூறிவிட்டனர். ஆங்கில ஆட்சியின் நாணயக் கொள்கையை அது கடுமையாக ஆராய்ந்ததே அதற்குக் காரணம் என்பர். கையில் பணமும் தீர்ந்துவிட்டது. அவர் தாயகம் திரும்பி, பம்பாயில் அமர்ந்து திருத்தி எழுதி அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரில் பட்டம் வழங்கப்பட்டது. மார்ச்சில் திருப்பப்பட்ட ஏடு நவம்பரில் ஏற்கப்பட்டது. இடையில் நின்றது எட்டுத் திங்கள் உழைப்பே.

தேர்வு ஒருவருடைய முழு ஆற்றலையும் அளந்துவிடும் என்று எண்ணுவோர், நமக்கு அண்மையிலுள்ள கும்பகோணத்தை நினைத்துப் பார்க்கலாம். அவ்வூரில் வளர்ந்த கணித மேதை இராமானுசன், 1904இல் உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் சேர்ந்தும், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1918இல் இலண்டன் ராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. ஆகவே தேர்வு ஒரு வாயில். அதைக் கடக்க வேண்டும், அதற்கு எல்லாப் பாடங்களையும் படிக்க வேண்டும். ஆனால் அது மூடினால் உலகமே மூடிவிட்டது என்று கொள்ளலாகாது.

இளைஞர்களே, அண்ணலின் வாழ்விலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை எளியவையே. நாளும் ஒரே நேரத்தில் படியுங்கள். படித்ததை நூலை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். எழுதிப் பழகிய கை தேர்வுக்கூடத்தில் நடுங்குவது குறையும். வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடத்தால், மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டு, நன்கு தெரிந்த வினாவிலிருந்து தொடங்குங்கள். தவறினால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. தேர்வு முடிவு வந்த நாளில் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் நம் நெஞ்சைப் பிளக்கின்றது. மனம் தாங்காதபோது ஆசிரியரிடமோ கழகத்தாரிடமோ உடனே சொல்லுங்கள். 14416, 104 ஆகிய அரசுத் தொலைபேசி எண்களிலும் பேசலாம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். இராம்ஜி சக்பால் மகனுக்காக இரவில் விழித்திருந்தார். தேர்வு முடியும்வரை பிள்ளையை உளுந்து பறிக்க அழைக்காதிருப்பதும், தெரிந்த பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசாதிருப்பதும் நாம் விழித்திருப்பதற்கு ஒப்பாகும்.

தாம் பட்ட துன்பத்தை அண்ணல் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது ஒடுக்கப்பட்டோர் கல்விக்காக வாதாடினார். பட்டியல் சாதி மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி பிறந்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் ஏற்றிய விளக்கு நம் தெருக்களில் எரிந்துகொண்டிருக்கின்றது. அதன் ஒளியில் அமர்ந்து அச்சமின்றிப் படிப்பதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.