கால்பந்து வீராங்கனை லில்லி பார்

கால்பந்து என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவோர் யாவர்? பீலே, மரடோனா, மெஸ்ஸி என்று பட்டியல் நீளும். அப்பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரையேனும் சேர்க்கச் சொன்னால் நம்மில் பலரும் விழிப்போம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடிநின்று ஆரவாரிக்க, கால்பந்து ஆடிய பெண்கள் இங்கிலாந்து நாட்டில் இருந்தார்கள். அவர்களுள் தலைசிறந்து விளங்கியவர் லில்லி பார். அவர் புகழின் வாசலில் அடியெடுத்து வைத்தபோது அவருக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பில் பயிலும் எங்கள் வயதுதான்! அதனாலேயே அவருடைய வாழ்க்கையைத் தோழியருக்கு எடுத்துக் கூற விழைகிறோம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் செயின்ட் ஹெலன்ஸ் என்றோர் ஊர் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 26-ஆம் நாள் லில்லி பிறந்தார். தந்தை கண்ணாடித் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர். வீட்டில் ஏழு குழந்தைகள். லில்லி நான்காவது குழந்தை.

ஏழைக் குடும்பத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கு எங்கே போவது? சகோதரர்கள் காலி மனைகளில் பந்து உதைத்தபோது லில்லியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பையன்களுக்கு ஈடுகொடுத்து ஆட வேண்டுமானால் அவர்களைவிட ஓங்கி உதைக்க வேண்டும். அப்படி உதைத்து உதைத்தே அவருடைய இடது கால் உரமேறியது. அந்நாளைய பந்து தடித்த தோலால் ஆனது. மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கல்லாய்க் கனக்கும். அந்தப் பந்தையும் வெகு தூரத்திலிருந்து கோலுக்குள் செலுத்தும் வல்லமை சிறு வயதிலேயே அவருக்குக் கைவந்தது. கைவந்தது என்பதைவிடக் கால்வந்தது என்பதே பொருந்தும்!

தொழிற்சாலையில் பிறந்த அணி

1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற வேலைகளைச் செய்யப் பெண்கள் தொழிற்சாலைகளுக்கு வந்தனர். பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்னும் கம்பெனி இருந்தது. அமைதிக் காலத்தில் டிராம் வண்டிகள் செய்து வந்த அந்தத் தொழிற்சாலை போரின்போது வெடிகுண்டுகள் செய்தது. நாள் முழுவதும் வெடிமருந்தோடும் இரும்போடும் போராடிய பெண்கள், இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் பந்தாடி இளைப்பாறினர். அந்த ஆட்டத்திலிருந்து ஓர் அணி பிறந்தது. கம்பெனி அலுவலகத்தில் பணிபுரிந்த ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் என்பவர் அதன் மேலாளர் ஆனார்.

1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பிரஸ்டன் நகரின் டீப்டேல் மைதானத்தில் அவ்வணி முதன்முறையாக மக்கள் முன் ஆடியது. வந்தவர்கள் பத்தாயிரம் பேர்! திரண்ட பணம் காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்றது. அன்று முதல் பிறர் துயர் துடைப்பதற்காக ஆடுவதே அவ்வணியின் வழக்கமாயிற்று.

போர் முடிந்தது. ஆண்கள் ஊர் திரும்பினர். பெண்கள் பலர் வேலை இழந்தனர். ஆனால் பெண்களின் கால்பந்து மட்டும் ஓயவில்லை. செயின்ட் ஹெலன்ஸ் ஊரின் மகளிர் அணியில் ஆடிக்கொண்டிருந்த நெட்டையான சிறுமி லில்லியை ஃபிராங்க்லண்ட் கண்டார். 1920-ஆம் ஆண்டு லில்லி டிக் கெர் அணியில் சேர்ந்தார். பிறந்த வீட்டை விட்டு வேற்றூரில், அணித் தோழி ஒருவரின் வீட்டில் தங்கினார். ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங் படியாகக் கிடைத்தது. கோடி கோடியாய் வாங்கும் இக்கால வீரர்களோடு ஒப்பிட்டால் அது எம்மாத்திரம்! எனினும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு அது பெரிய தொகையே.

புகழின் உச்சி

லில்லி இடதுபுற விங்கில் ஆடினார். கோட்டோரமாய்ப் பந்தைக் கடத்திச் சென்று குறுக்கே தூக்கிக் கொடுப்பதிலும், எட்டத்திலிருந்தே கோல் அடிப்பதிலும் அவருக்கு இணை இல்லை. அவர் வந்த ஆண்டே பிரெஞ்சுப் பெண்கள் அணி இங்கிலாந்துக்கு வந்தது. டிக் கெர் அணியும் பிரான்சுக்குச் சென்று ஆடித் திரும்பியது. 1921-ஆம் ஆண்டு பிரெஞ்சு அணியை ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் வென்ற ஓர் ஆட்டத்தில், அந்த ஐந்து கோல்களையும் அடித்தவர் லில்லி ஒருவரே என்றால் வியப்பாக இல்லையா?

1920-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் மறக்க முடியாத நாள். லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும் மோதின. லில்லி தம் பிறந்த ஊர்ப் பெண்களையே எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. ஆட்டத்தைக் காண 53,000 பேர் உள்ளே நுழைந்தனர். உள்ளே இடமின்றி வெளியே நின்றவர்கள் மேலும் பல்லாயிரவர். டிக் கெர் அணி நான்கு கோல்கள் அடித்து வென்றது. 3,000 பவுண்டுக்கு மேல் நிதி திரண்டது. அடுத்த ஆண்டு அவ்வணி அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியது. அவற்றைக் கண்டவர்கள் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர்! வேலையற்ற முன்னாள் வீரர்கள், மருத்துவமனைகள், வேலை நிறுத்தத்தால் வாடிய சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் எனப் பலருக்கும் பெண்களின் கால்பந்து உதவிக்கரம் நீட்டியது.

மூடப்பட்ட வாயில்

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பயணத்தில் இடி விழுந்தது. 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் லண்டனில் கூடியது. கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு என்றும், அதை ஊக்குவிக்கக் கூடாது என்றும் தீர்மானித்தது. நன்கொடைக்காகத் திரட்டிய பணத்தில் மிகுதியானது செலவுக்கே போகிறது என்ற குற்றச்சாட்டையும் சேர்த்துக்கொண்டது. சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று கேட்டுக்கொண்டது.

பெண்கள் பந்தைத் தொடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் போடவில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நல்ல மைதானங்கள் யாவும் அச்சங்கத்தின் கழகங்களிடமே இருந்தன. இருக்கைகளும் நுழைவாயில்களும் அங்கேதான் இருந்தன. மைதானம் இல்லையேல் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையேல் நிதி இல்லை. நிதி இல்லையேல் நாளேடுகளில் செய்தியும் இல்லை. ஒரு மரத்தை வெட்டாமலே பட்டுப்போகச் செய்ய வேண்டுமானால் அதன் வேருக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலை அடைத்தாலே போதும் அல்லவா?

பெண்களின் உடல் இவ்வாட்டத்தைத் தாங்காது என்று மருத்துவர்கள் சிலர் கூறினர். நாங்கள் இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. போர்க்காலத்தில் பன்னிரண்டு மணி நேரம் வெடிகுண்டுகளோடு உழைத்த பெண்களும் இவர்கள்தாமே? வெடிகுண்டு சுமக்க வலுவுள்ள உடல், பந்து உதைக்க மட்டும் வலுவற்றதாகிவிடுமா?

தடைக்குப் பின்னர்

அப்போது லில்லிக்கு வயது பதினாறு. அவர் மூலையில் அமர்ந்துவிடவில்லை. அவருடைய அணியும் கலைந்துவிடவில்லை. 1922-ஆம் ஆண்டு அவர்கள் கப்பலேறி அட்லாண்டிக் கடலைக் கடந்தனர். கனடாவில் ஆட அந்நாட்டுச் சங்கம் அனுமதி மறுத்தது. அமெரிக்காவுக்குச் சென்றால், அங்கே எதிர்த்து ஆட நின்றவை ஆண்கள் அணிகள்! அவர்கள் பின்வாங்கவில்லை. ஒன்பது ஆட்டங்கள் ஆடி மூன்றில் வென்று, மூன்றில் சமன் செய்து, மூன்றில் மட்டுமே தோற்றனர்.

தாயகம் திரும்பிய பின்னர் பூங்காக்களிலும், திறந்த வெளிகளிலும், ரக்பி மைதானங்களிலும் ஆடினர். காலப்போக்கில் தொழிற்சாலையின் ஆதரவும் நின்றது. 1926-ஆம் ஆண்டு முதல் அவ்வணி பிரஸ்டன் மகளிர் அணி என்ற பெயரைத் தாங்கியது. லில்லி விட்டிங்காம் என்னும் இடத்திலுள்ள மனநல மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி பெற்றுப் பணியில் அமர்ந்தார். மனநோயாளிகளைக் கண்டு சமுதாயம் ஒதுங்கி நின்ற காலம் அது. வார நாள்களில் அவர்களுக்குப் பணிவிடை, ஓய்வு நாள்களில் பந்தாட்டம். இவ்விரண்டையும் அவர் நெடுங்காலம் ஒருசேர நடத்தினார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

ஆண்டுகள் உருண்டோடின. இரண்டாம் உலகப் போரும் வந்து போயிற்று. 1946-ஆம் ஆண்டு, நாற்பதைக் கடந்த பின், லில்லி அணித் தலைவி ஆனார். 1951-ஆம் ஆண்டு வரை ஆடினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் களத்தில் நின்று அவர் அடித்த கோல்கள் நூற்றுக்கணக்கானவை. எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கண்ட அவ்வணி 1965-ஆம் ஆண்டு கலைந்தது.

இறுதி நாள்களும் பெருமையும்

1967-ஆம் ஆண்டு லில்லிக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்தும் மீண்டார். 1971-ஆம் ஆண்டு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், தடை நீக்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார் என்பது நமக்கு ஆறுதல். 1978-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். பிறந்த ஊரான செயின்ட் ஹெலன்ஸ் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த பிறகே பெருமைகள் தேடி வந்தன. 2002-ஆம் ஆண்டு, அப்போது பிரஸ்டனில் இருந்த தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ்மிகு ஆட்டக்காரர் வரிசையில் அவரைச் சேர்த்தது. அவ்வரிசையில் இடம்பெற்ற முதற்பெண் அவரே. 2008-ஆம் ஆண்டு கால்பந்துச் சங்கம் பழைய தடைக்காக மன்னிப்புக் கோரியது. 2019-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் லில்லிக்கு வெண்கலச் சிலை எழுந்தது. 2022-ஆம் ஆண்டு வெம்பிளி மைதானத்தில் 87,192 பேர் முன்னிலையில் இங்கிலாந்துப் பெண்கள் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

நாம் கற்க வேண்டியது

விடாமுயற்சி இருந்தால் வெற்றி நிச்சயம் என்று எழுதி இக்கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் லில்லியின் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் உண்மை அத்தனை எளிதாக இல்லை. அவரிடம் விடாமுயற்சி இருந்தது. திறமை இருந்தது. ஆயினும் ஐம்பத்து மூவாயிரம் பேர் ஆரவாரித்த அந்த டிசம்பர் நாள் அவர் வாழ்வில் மீண்டும் வரவே இல்லை. தடை விதித்தபோது அவருக்கு வயது பதினாறு. தடை நீங்கியபோது வயது அறுபத்தாறு. ஒரு பெண்ணின் ஆடும் பருவம் முழுவதையும் ஓர் அறையில் ஒரே நாளில் எடுத்த முடிவு விழுங்கிவிட்டது. பின்னர் கேட்ட மன்னிப்பு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர இயலுமா?

ஆகவே லில்லியின் வாழ்க்கை இரு பாடங்களைத் தருவதாக நாங்கள் எண்ணுகிறோம். ஒன்று எங்களைப் போன்ற மாணவியருக்கு. கைதட்டுவோர் இல்லாத இடத்திலும் செய்யும் செயலைச் செம்மையாகச் செய்ய வேண்டும். பல்லாயிரவர் முன்னே ஆடிய அதே லில்லிதான் பூங்காவின் ஈரப்புல்லிலும் ஆடினார். மற்றொன்று மைதானத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு. இது பெண்ணுக்குப் பொருந்தாது என்று சொல்லும் முன், அவள் ஆடுவதை ஒரு முறையேனும் வந்து பார்க்க வேண்டும்.

பந்து உருண்டையானது. உதைத்தவர் ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. திறந்த மைதானம் கிடைக்கப் பெற்ற நாம், அது கிடைக்காமலே முப்பது ஆண்டுகள் ஆடிய லில்லி பாரை நன்றியோடு நினைவுகூர்வோமாக!