ஏரிக்கரையில் நின்ற கலெக்டர்

மதுராந்தகம் ஏரிக்கரையை ஒட்டி ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. அங்கே தாயார் சந்நிதியில் உள்ள கல்வெட்டு ஒரு வெள்ளைக்காரரின் பெயரைச் சொல்கிறது. அவர்தான் லயோனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்தவர்.

ஊரில் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண்டுதோறும் மழைக்கு ஏரி உடைந்துகொண்டிருந்தது. இந்த வருடம் கரை நின்றுவிட்டால் தாயார் சந்நிதியைக் கட்டித் தருகிறேன் என்று பிளேஸ் துரை ஒப்புக்கொண்டார். அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவர், வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டார். விடிந்தபோது கரை அப்படியே இருந்தது. சந்நிதி எழும்பியது. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். கொட்டும் மழையில் நள்ளிரவில் ஒரு கலெக்டர் ஏரிக்கரைக்குப் போனார் என்பதைத்தான் நான் அதில் கவனிக்கிறேன்.

அவர் பொறுப்பேற்றபோது சீமை இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வியாபார நிறுவனம். 1763இல் ஆற்காடு நவாப் அதற்கு இந்தப் பகுதியை ஜாகீராகக் கொடுத்தார். காஞ்சிபுரம், மதுராந்தகம், பூந்தமல்லி, கோவளம், மாமல்லபுரம் கடற்கரை எல்லாம் அதற்குள் அடக்கம். 1780இல் ஹைதர் அலியின் படை வந்தது. நான்கு ஆண்டுப் போரில் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, பஞ்சத்தில் மக்கள் சிதறினார்கள். போர் முடிந்த பிறகும் கம்பெனி நிலவரியைக் குத்தகைதாரர்களிடம்தான் விட்டிருந்தது. சில ஆண்டுக் குத்தகை எடுத்தவன் கரைக்கு மண் போடுவானா? கிடைத்தவரை வசூலித்துக்கொண்டு போனான்.

இந்த மாவட்டத்து ஏரிகள் சங்கிலி மாதிரி. மேல் ஏரியின் கலங்கல் வழியும் நீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் ஒரே நேரத்தில் வரும் வெள்ளம் கீழே உள்ளதையும் உடைக்கும். அதன் பிறகு அந்த ஆயக்கட்டு முழுவதும் தை மாதமே வறண்டு நிற்கும். இங்கே வடகிழக்குப் பருவமழை சில நாள்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவது. அதைப் பிடித்து வைக்க ஏரி இல்லையென்றால் சம்பா கதிர் பிடிக்கும்போது தண்ணீர் இராது. கரை வேலையையும் நினைத்த மாதத்தில் செய்ய முடியாது. கோடையில் தொடங்கி, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, ஐப்பசிக்குள் முடித்தாக வேண்டும். இறுகாத புது மண் முதல் மழைக்கே கரையும்.

பிளேசுக்கு முன் இருந்த சிக்கல் இதுதான். செலவு இப்போது, வரவு அடுத்த தை மாசியில், அதுவும் மழை பெய்தால். சென்னையில் மேலதிகாரிகள் வருமானத்தை எதிர்பார்த்திருந்தார்கள். அவர் ஏரிகளைப் பழுது பார்க்கும் செலவை முதலில் வைத்தார். கேட்டுப் பெற்று, உடைந்த கரைகளையும் மதகுகளையும் சரிசெய்ய வைத்தார். ஒவ்வொரு ஊரிலும் என்ன விளைகிறது, யாருக்கு எவ்வளவு பங்கு போகிறது என்பதைத் தோண்டினார். போருக்கு முன், 1767 முதல் 1774 வரை, பொறியாளர் தாமஸ் பர்னார்ட் எடுத்த அளவைக் கணக்கு அவருக்குப் பெரிய துணை. கர்ணம் இன்று சொல்லும் கணக்கைப் போருக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிட முடிந்தது. பிறகு ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து மிராசுதாரர்களோடு குத்தகை பேசினார். வருமானம் ஏறியது.

இதுவரை படித்தால் நல்ல நிர்வாகி. ஆனால் அவரிடம் இன்னொரு முகமும் இருந்தது. தன் கணக்கு சரி என்று முடிவானபின் எதிர்ப்பேச்சு அவர் காதில் ஏறவில்லை. அவர் கேட்ட தொகை அதிகம் என்று மிராசுதாரர்கள் மறுத்தபோது, அவர்கள் விளைச்சலை மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார். மறைத்தவர்களும் இருந்திருப்பார்கள். தலைமுறையாக ஏமாற்றப்பட்டவர்கள் முழுக் கணக்கையும் யாரிடம் காட்டுவார்கள்? ஒத்துவராதவர்களின் மிராசு உரிமையைப் பறித்து வேறு ஆள்களுக்குக் கொடுத்தார். பூந்தமல்லி வட்டாரத்தில் இது பெரிய எதிர்ப்பாக வெடித்தது. மக்கள் வேலையை நிறுத்தி ஊரைவிட்டு வெளியேறி நின்றார்கள். மேலதிகாரிகளுக்கே அவருடைய கடுமை சங்கடமானது.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. பேச்சு நடந்ததெல்லாம் கலெக்டருக்கும் மிராசுதாரருக்கும் இடையில். கரைக்கு மண் சுமந்தவர்களும் சேற்றில் இறங்கி உழுத பண்ணையாட்களும் அந்தப் பேச்சில் இல்லை. பங்குக் கணக்கில் அவர்களுக்கும் ஒரு வரி இருந்தது. அதைக் கூட்டுவதா குறைப்பதா என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

1798இல் பிளேஸ் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு தன் பணியைப் பற்றி மிக நீண்ட அறிக்கை ஒன்றை வருவாய் வாரியத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலச் செங்கல்பட்டின் விவசாயத்தை அறிய விரும்புவோர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் கம்பெனி வேறு வழியில் போனது. 1793இல் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தர வரித் திட்டத்தை இங்கேயும் நீட்டி, 1802இல் சீமையைப் பல ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டது. எடுத்தவர்களில் பலர் தொகையைக் கட்ட முடியாமல் சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். பிளேஸ் சேர்த்த ஊர்க் கணக்குகள் அந்த ஏலத்தில் பெரிதாகப் பயன்படவில்லை.

மதுராந்தகம் ஏரி நிற்கிறது. நிரம்பியதும் உபரிநீர் கிளியாற்றில் இறங்கிப் பாலாற்றோடு சேர்ந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாயலூர் அருகில் கடலுக்குப் போகிறது. கலங்கலில் தண்ணீர் வழியும் நாளில் கரையோரக் கிராமங்களுக்கு இப்போதும் எச்சரிக்கை விடுகிறார்கள்.