விதை தேடிய வாவிலோவ்

உருசிய நாட்டில் வோல்கா ஆற்றங்கரையில் அமைந்த நகரம் சரத்தோவ். நிகோலாய் வாவிலோவ் இளமையில் பேராசிரியராக விளங்கிய ஊர் அது. பின்னாளில் கைதியாகப் பசியால் உயிர்துறந்த ஊரும் அதுவே.

வாவிலோவ் 1887ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். அவருடைய தந்தை உழவர் குடியிலிருந்து வந்து வணிகரானவர். விளைச்சல் பொய்த்தால் நேரும் வறுமையை இளமையிலேயே அறிந்தவர். வேளாண்மை பயின்ற வாவிலோவ், 1913இல் இங்கிலாந்து சென்று பேட்சன் என்னும் அறிஞரிடம் மரபியல் கற்றார். 1917இல் சரத்தோவில் பேராசிரியரானார். 1921இல் பெத்ரோகிராது நகரத்துத் தாவரவியல் ஆய்வகத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டே வோல்காப் பகுதியில் மழை பொய்த்தது. உள்நாட்டுப் போரும் தானியப் பறிமுதலும் வறட்சியோடு சேர, ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் மாண்டனர்.

வறட்சியைத் தாங்கும் பயிரை எங்கே தேடுவது? வானம் பார்த்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதுவரும் சிற்றுழவரின் வயலில்தான் என்பது வாவிலோவின் துணிபு. 1924இல் ஆப்கானித்தானத்து மலைவழிகளில் குதிரையில் சென்றார். 1926இல் மலேரியாக் காய்ச்சலுடன் சிரியாவில் அலைந்து, ஹவுரான் பகுதியின் வறட்சி தாங்கும் கோதுமையைப் பெற்றார். அடுத்து எத்தியோப்பியா. அங்கே ஒரே வயலில் பலவகைக் கோதுமை கலந்து விளைந்தது. ஒருவகை கருகினும் மற்றொன்று கைகொடுக்கும். ஏட்டறிவு இல்லாத உழவர் கண்ட காப்பீடு அது. கசகசா அளவேயான தெஃப் என்னும் தானியமே அம்மக்களின் உணவு. நம் புன்செய்களில் விளையும் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றையும் வாவிலோவ் அந்நிலத்துப் பயிர்களோடு சேர்த்து எண்ணினார். இவை ஆப்பிரிக்கப் பயிர்களே எனப் பிற்கால ஆய்வுகளும் ஏற்றன. கம்பின் பிறப்பிடம் மட்டும் மேற்கு ஆப்பிரிக்கா எனத் திருத்தப்பட்டது.

ஒரு பயிரின் வகைகள் எங்கு மிகுந்துள்ளனவோ அங்கேயே அது முதலில் பயிரிடப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1940க்குள் அவருடைய நிறுவனத்தில் ஏறத்தாழ 2,50,000 மாதிரிகள் சேர்ந்தன.

ஆனால், நல்ல விதை உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அரசோ விரைந்த விளைச்சலை வேண்டியது. மரபணுக் கொள்கையை மறுத்து உடனடிப் பயனை வாக்களித்த இலைசென்கோவை ஸ்டாலின் ஆதரித்தார். அந்த இலைசென்கோவைத் தொடக்கத்தில் ஊக்குவித்தவர்களுள் வாவிலோவும் ஒருவர் என்பதே இதில் பெருந்துயரம். கொள்கையை விட்டுக்கொடுக்க மறுத்த வாவிலோவ், 1940 ஆகஸ்டில் மேற்கு உக்ரைனில் விதை திரட்டிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார். 1941இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 சனவரி 26இல் சரத்தோவ் சிறையில் இறந்தார்.

அப்போது, லெனின்கிராது எனப் பெயர் மாறியிருந்த பெத்ரோகிராதை செருமானியப் படை முற்றுகையிட்டிருந்தது. உணவின்றி மக்கள் மடிந்த அந்நகரில், வாவிலோவின் உடன்பணியாளர்கள் விதைப் பைகளைக் காத்து நின்றனர். நெல் ஆய்வாளர் ஒருவர் நெல் மாதிரிகளுக்கு நடுவே பட்டினியால் மாண்டார். ஒரு பிடியேனும் உலையேறவில்லை. 1955இல் வாவிலோவ் மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது; அந்நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.